பனிமலையும் பட்டுத்தறியும்

பனி என்னும் சொல்லைக் கேட்டவுடன் போளூர் வட்டாரத்து மக்களுக்கு நினைவில் எழுவது மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பால் வாங்கச் செல்லும் பெரியவர்களும், 'பனி பெய்கிறது, தலையை மூடிக்கொள்' என்று பிள்ளைகளை அதட்டும் தாய்மாரும் அறிந்த பனி அவ்வளவே. வெண்மணல் போல் ஆள் உயரத்திற்குக் குவிந்து, மலையையும் மரத்தையும் வீட்டுக் கூரையையும் ஒருசேர மூடிவிடும் அந்த மற்றொரு பனியை நம் ஊரில் கண்டவர் மிகச் சிலர். நம் சம்பத்கிரி மலையும், மேற்கே நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலையும் வெயிலை அறியும், மழையை அறியும், வெண்பனியை அறியா.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றி, அதிலும் பெண்கள் அவ்விளையாட்டில் போட்டியிட்டுப் பெற்ற துணிவையும் தோழமையையும் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 'தறிக்கும் பனிக்கும் என்ன உறவு?' என்று கேட்பாரும் உளர். உறவு உண்டு. அவ்வுறவை நமக்குக் காட்டியவர்கள் நம் தெருவில் வளரும் இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுவதே முறை.

நாம் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆயின. மகள் வீட்டில் இருக்கிறோம். நம் தெருவில் பல வீடுகளில் இன்றும் தறி ஓசை கேட்கும். எதிர்வீட்டிலும் ஒரு தறி உண்டு. அவ்வீட்டுப் பெண்ணும் நம் பேத்தியும் ஒரே வயதினர். ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படிப்பவர்கள். இருவரும் மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் வல்லவர்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரு முறை இவள் முந்துவாள், மறுமுறை அவள் முந்துவாள். தொடக்கத்தில் இப்போட்டி பிள்ளைகளோடு நிற்கவில்லை. இரு வீட்டுத் தாய்மாரும் அதைக் குடும்ப மானமாக எடுத்துக்கொண்டதால், குழாயடியில் கூட ஒருவரையொருவர் பாராமல் குடத்தைத் தூக்கிச் சென்ற காலம் உண்டு. பிள்ளைகளும் இரண்டாண்டுக் காலம் பேசிக்கொண்டதில்லை.

ஒரு நாள் விடியற்காலை ஓட்டத்தில் நம் பேத்தியின் கணுக்கால் பிசகிவிட்டது. சாலையில் உட்கார்ந்துவிட்டவளை அந்தப் பெண்ணே தோள் கொடுத்து இரண்டு கிலோமீட்டர் நடத்தி வந்து வீட்டுத் திண்ணையில் அமர்த்தினாள். அமர்த்திவிட்டு, 'சீக்கிரம் வா. நீ இல்லாவிட்டால் எனக்கு ஓட்டம் வராது' என்று சொல்லிப் போனாள். அன்று முதல் இருவரும் இணைபிரியாத் தோழியர் ஆயினர். ஆயினும் ஓட்டக் களத்தில் ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுப்பது மட்டும் இல்லை. 'தோழிக்காக ஒரு நாளாவது மெதுவாக ஓடமாட்டாயா?' என்று நாம் விளையாட்டாகக் கேட்டதுண்டு. 'அப்படி ஓடினால் அவளை ஏமாற்றியதாகாதா ஆயா?' என்பதே நம் பேத்தியின் மறுமொழி.

இருவரும் பதினோராம் வகுப்புக்கு வந்தபோது சோதனை வந்தது. அந்தப் பெண்ணின் தாய்க்கு மூட்டு வலி. தறியில் உதவ ஆள் இல்லை. தார் சுற்றுவதும், அறுந்த இழைகளைப் பிணைப்பதும் மகளின் வேலையாயிற்று. 'இனி ஓட்டம் வேண்டாம்' என்றார் தந்தை. பொருள் நெருக்கடி ஒன்று மட்டும் காரணம் எனின் அதனைப் புரிந்துகொள்வது எளிது. ஆனால் உற்றார் உறவினர் வேறு சில சொற்களையும் அவர் காதில் போட்டிருந்தனர். 'வயது வந்த பெண் அரைக்கால் சட்டையோடு தெருவில் ஓடலாமா?' என்றார் ஒருவர். 'வெயிலில் கறுத்துப் போனால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்?' என்றார் மற்றொருவர். 'இப்படிக் குதித்து ஓடினால் கருப்பை இறங்கிவிடும், பிள்ளைப்பேறு இல்லாமற் போகும்' என்று மருத்துவரைப் போலவே தீர்ப்புக் கூறினார் மூன்றாமவர். தந்தைக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. பெண்ணின் ஓட்டம் நின்றது.

இந்த மூன்றாவது சொல்லைத்தான் நாம் வாசகர்களின் நினைவில் நிறுத்த விரும்புகிறோம். ஏனெனில், இது நம் தெருவிலோ நம் நாட்டிலோ மட்டும் பிறந்த சொல் அன்று. பல்லாயிரம் கல்லுக்கு அப்பால், படிப்பிலும் செல்வத்திலும் முன்னேறிய பனி நாடுகளில், பெரிய பதவிகளில் அமர்ந்திருந்தோர் வாயிலிருந்தும் ஏறக்குறைய இதே சொல் வந்திருக்கிறது. அந்தச் செய்தியை நமக்குக் கொண்டுவந்தவள் நம் பேத்தியே. தோழி இல்லாமல் தனியே ஓடி மனம் சோர்ந்திருந்த நாட்களில் அவள் கைப்பேசியில் பனிச்சறுக்குப் போட்டிகளைப் பார்க்கத் தொடங்கினாள். நம்மையும் அருகில் அமர்த்திக் காட்டினாள். பின்னர் நாமும் ஆர்வம் கொண்டு தேடிப் படித்தோம்.

பனிச்சறுக்கு என்பது ஒரே விளையாட்டு அன்று. காலணியின் அடியில் நீண்ட சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, செங்குத்தான மலைச்சரிவில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் இறங்குவது ஒரு வகை. நட்டு வைத்த கம்புகளுக்கிடையே பாம்பு போல் வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் மற்றொரு வகை. உயர்ந்த மேடையிலிருந்து சறுக்கி வந்து பறவை போல் வானில் தாவி நெடுந்தொலைவில் தரையிறங்குவது இன்னொரு வகை. நான்காவது ஒன்று உண்டு. நம் பிள்ளைகளின் ஓட்டத்திற்கு நெருங்கிய உறவுடையது அதுவே. மேடும் பள்ளமுமான காட்டு வழியில், இரு கைகளிலும் ஊன்றுகோல் கொண்டு உந்தி உந்திப் பல கிலோமீட்டர் செல்லும் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு அது. இதில் காலணியின் நுனி மட்டுமே கட்டையோடு இணைந்திருக்கும்; குதிகால் உயர்ந்து தாழும். கையும் காலும் முதுகும் நெஞ்சும் ஒருங்கே உழைக்க வேண்டும். எல்லைக் கோட்டைத் தாண்டியவுடன் வீராங்கனைகள் வெட்டிய வாழை போல் பனியில் சாய்ந்து மூச்சு வாங்குவதைக் கண்டபோது, 'எனக்கும் கடைசிச் சுற்றில் இப்படித்தான் இருக்கும்' என்றாள் பேத்தி.

இவ்விளையாட்டின் வாசல் பெண்களுக்கு எளிதில் திறக்கவில்லை. முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924-இல் பிரான்ஸ் நாட்டின் ஷாமோனியில் நடந்தது. அதில் பெண்களுக்கு இடம் கிடைத்தது பனித்தரையில் ஆடும் அழகு நடனச் சறுக்கில் மட்டுமே. மலைச்சரிவுப் போட்டியில் பெண்கள் சேர்க்கப்பட 1936 வரை பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் சேர்க்கப்பட 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் பத்துக் கிலோமீட்டர் தொலைவை முதலாவதாகக் கடந்தவர் பின்லாந்துப் பெண்மணி லிடியா வீடெமன். ஆடவர் ஐம்பது கிலோமீட்டர் செல்லலாம், பெண்களுக்குப் பத்தே போதும் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கு முற்றிலும் மாறி, பெண்களும் ஐம்பது கிலோமீட்டர் செல்லும் போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2026-ஆம் ஆண்டிலேதான்.

தாவும் போட்டியின் கதை இன்னும் வியப்புக்குரியது. ஆடவர்க்கு 1924 முதலே அது உண்டு. பெண்களுக்கோ, 'தரையிறங்கும் அதிர்ச்சி பெண்ணுடலுக்கு ஆகாது. கருப்பைக்குக் கேடு' என்று தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்தனர். 2005-ஆம் ஆண்டில் கூட உலகப் பனிச்சறுக்குக் கழகத்தின் தலைவராக இருந்தவர், மருத்துவ நோக்கில் இது பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்னும் பொருள்படப் பேசினார். போளூர்த் தெருவில் ஒரு பெரியவர் கூறிய அதே தீர்ப்பு அன்றோ இது!

அப்பெண்கள் என்ன செய்தனர்? நாம் மிகவும் மதித்துப் போற்றுவது இதனையே. 2010-ஆம் ஆண்டு ஒலிம்பிக் கனடாவின் வான்கூவரில் நடக்கவிருந்தது. அதில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கோரி, தாவும் வீராங்கனைகள் ஒன்றுகூடி அந்நாட்டு நீதிமன்றத்தின் படியேறினர். அமெரிக்கர், கனடியர், ஜெர்மானியர், நார்வேயர், ஆஸ்திரியர் எனப் பல நாட்டவர் அவர்களுள் இருந்தனர். வார இறுதி தோறும் ஒருவரையொருவர் தோற்கடிக்கப் போராடுபவர்கள், ஒரே வழக்கில் ஒரே பக்கத்தில் நின்றனர். வாசல் திறந்தால் தம் போட்டியாளருக்கும் சேர்த்தே திறக்கும், தமக்குரிய பதக்கத்தை அவள் பறித்துச் செல்லவும் கூடும் என்பது ஒவ்வொருத்திக்கும் தெரியும். தெரிந்தும் சேர்ந்தே நின்றனர்.

2009 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பெண்களை விலக்குவது வேற்றுமை பாராட்டுவதே என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும் அம்முடிவை எடுத்தது உலக ஒலிம்பிக் குழு ஆதலால், கனடாவின் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது என்று கூறிவிட்டார். வழக்கில் தோல்வி. அவர்களுள் ஒருவரான அமெரிக்க வீராங்கனை லின்ட்சி வான், அதே ஆண்டில் பெண்களுக்கு முதன்முறையாக நடந்த உலகப் போட்டியில் வாகை சூடியவர். அவருக்கும் 2010-இல் இடம் இல்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி ஓயவில்லை. 2014-இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் வாசல் திறந்தது. ஆடவர் தாவத் தொடங்கித் தொண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பெண்கள் ஒலிம்பிக்கில் தாவினர். ஜெர்மனியின் கரீனா ஃபோக்ட் முதல் தங்கத்தைப் பெற்றார். வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவரான ஆஸ்திரிய வீராங்கனை டேனியேலா இராஷ்கோ வெள்ளி பெற்றார். லின்ட்சி வானுக்குப் பதக்கம் கிட்டவில்லை; ஆனால் தாம் போராடித் திறந்த வாசல் வழியே அவரும் சென்று தாவினார். பதக்கப் பட்டியலில் இடம்பெறாத இத்தகைய வெற்றியை எந்தத் தராசில் நிறுப்பது?

துணிவு இவ்வாறாயின், தோழமைக்கும் ஒரு சான்று கூறுவோம். 2006 பிப்ரவரியில் இத்தாலியின் தூரின் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான இருவர் தொடர் போட்டி நடந்தது. கனடாவின் சார்பில் சாரா ரென்னரும் பெக்கி ஸ்காட்டும் மாறி மாறிச் சென்றனர். முன்னணியில் இருந்த ரென்னரின் ஊன்றுகோல் நடுவழியில் முறிந்தது. ஒரு கோலோடு மேட்டில் ஏறுவது ஒரு கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீர் இறைப்பது போன்றது. கண்ணெதிரே ஒவ்வொருவராய் அவரை முந்திச் சென்றனர். அந்நேரத்தில் வழியோரம் நின்றிருந்த ஒருவர் ஒரு கோலை அவர் கையில் கொடுத்தார். அவர் கனடியர் அல்லர்; போட்டியிட்டுக்கொண்டிருந்த நார்வே நாட்டு அணியின் பொறுப்பாளர் பியோர்னார் ஹோகன்ஸ்மோன். கோல் சற்று நீளம். ஆயினும் அதைக் கொண்டே ரென்னர் விட்ட இடத்தைப் பிடித்தார். கனடா வெள்ளிப் பதக்கம் பெற்றது. கோல் கொடுத்த நார்வே நான்காம் இடத்தோடு வெறுங்கையாய் நின்றது.

தம் செயலைப் பெரிதாக எண்ண வேண்டாம், எவரும் செய்யக்கூடியதே என்ற கருத்தில்தான் அப்பெரியவர் பேசினார். கனடிய மக்களோ அதை மறக்கவில்லை. தம் நாட்டுக்கே உரிய மேப்பிள் மரத்து இனிப்புப் பாகை ஆயிரக்கணக்கான டப்பாக்களில் அடைத்து நார்வேக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பினர். இந்த நிகழ்ச்சியைக் கைப்பேசியில் கண்ட நம் பேத்தி, நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, 'ஆயா, எதிரிக்குக் கோல் இல்லை என்றால் அது போட்டியே இல்லை அல்லவா? அதனால்தான் கொடுத்திருக்கிறார்' என்றாள். நாம் நூல்களில் தேடியும் இதைவிடத் தெளிவான விளக்கத்தைக் கண்டதில்லை.

'அவர்களெல்லாம் பனியிலேயே பிறந்தவர்கள், நமக்கென்ன?' என்று கேட்கலாம். நம் நாட்டுப் பெண்களும் அங்கே சென்றிருக்கின்றனர். 1988-இல் கனடாவின் கால்கரி ஒலிம்பிக்கில் ஷைலஜா குமார் ஸ்லாலம் போட்டியில் இறங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் கால் பதித்த முதல் இந்தியப் பெண்மணி அவரே. அவருக்குக் கிடைத்தது இருபத்தெட்டாம் இடம். 2006-இல் நேகா அகுஜா தூரினுக்குச் சென்றார். 2018 ஜனவரியில், இமாசலப் பிரதேசத்து மணாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் துருக்கி நாட்டின் எர்சுரும் நகரில் வெண்கலம் வென்று, பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையை அடைந்தார். இருபத்தெட்டாம் இடத்திற்கும் வெண்கலத்திற்கும் இடையே முப்பது ஆண்டுகள். முன்னவர் இறங்கியிராவிடில் பின்னவர்க்கு வழி எங்கே?

இவர்களைக் காட்டிலும் நமக்கு அண்மையில் இருப்பவர் ஒருவர் உளர். நம் காவிரி பிறக்கும் குடகு நாட்டைச் சேர்ந்த பவானி தெக்கட நஞ்சுண்டா. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் நிறைந்த அம்மலை நாட்டில் மழை உண்டு, மூடுபனி உண்டு. சறுக்குவதற்குரிய வெண்பனி இல்லை. அங்கிருந்து புறப்பட்ட ஒரு தென்னாட்டுப் பெண், காஷ்மீரத்துக் குல்மார்க்கில் நடக்கும் தேசியக் குளிர்கால விளையாட்டுகளில் கர்நாடகத்திற்குத் தங்கம் பெற்றுத் தந்தார். 2025-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், ஐந்து கிலோமீட்டர் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்றார். பனி இல்லாத இடங்களில் இவ்விளையாட்டினர் எவ்வாறு பழகுகின்றனர் என்று வியப்போர்க்கு ஒரு செய்தி: சிறு சக்கரங்கள் பொருத்திய கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு தார்ச்சாலையில் உருண்டு பழகுகின்றனர். தார்ச்சாலை நம் ஊரிலும் உண்டு!

பவானியின் செய்தியைப் படித்த அன்றே நம் பேத்தி ஒரு முடிவுக்கு வந்தாள். 'எதிர்வீட்டு மாமாவிடம் நானே பேசப் போகிறேன். ஆயா, நீங்களும் வாருங்கள்' என்றாள். சென்றோம். அவர் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழ முயன்றவரை அமரச் சொல்லி, திண்ணையோரம் நாமும் அமர்ந்தோம். 'டீச்சரம்மா, நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். தறி நின்றால் அடுப்பு நின்றுவிடும். நான் என்ன செய்வேன்?' என்றார். அவர் குரலில் பிடிவாதம் இல்லை, களைப்பே இருந்தது.

நம் பேத்தி சொன்னாள்: 'மாமா, அவள் இல்லாமல் எனக்கு ஓட்டம் வரவில்லை. முன்பு ஓடிய நேரத்தில் இப்போது ஓட முடியவில்லை. பக்கத்தில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டால்தான் என் கால் போகும். மாலையில் பள்ளி விட்டதும் நானும் வந்து அவளோடு தார் சுற்றித் தருகிறேன். இருவர் சுற்றினால் பாதி நேரம்தான் ஆகும்.'

அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பாவையே பார்த்திருந்தார். பட்டு நெசவில் கோர்வை என்று ஒன்று உண்டு. சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இழையோடு இழை கோத்து நெய்வது. அதற்கு ஒருவர் போதாது; நெய்பவர் ஒருவர், மறு ஓரத்தில் அமர்ந்து நாடாவைத் திருப்பி அனுப்பும் துணைவர் ஒருவர், ஆக இருவர் வேண்டும். இருவரில் ஒருவர் அசந்தாலும் கரை பிரிந்துவிடும். அவர் அதை நினைத்தார் போலும். 'மறுபக்கம் ஆள் இல்லாமல் கோர்வை வராது. அது எனக்கும் தெரியும் அம்மா' என்று மெல்லக் கூறினார். சிறிது நேரம் கழித்து, 'அந்தக் கருப்பை விஷயம்...' என்று தயங்கினார்.

அதற்கு நாம் அறிந்ததை மறையாது சொன்னோம். பெண்ணின் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் தசைகளாலும் தசைநார்களாலும் நன்கு தாங்கப்பட்டிருப்பது; ஓடுவதால் அது இறங்குவதுமில்லை, மகப்பேறு தடைப்படுவதுமில்லை. வளரும் வயதில் ஓட்டமும் தாவலும் எலும்புக்கு வலுவைத் தருபவை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அது உணவு. ஓடும் பெண்ணுக்கு வயிறு நிறைய உணவு வேண்டும். கேழ்வரகு, வேர்க்கடலை, முருங்கைக் கீரை, இயன்றபோது முட்டை. உணவு குறைந்து உழைப்பு மிகுந்தால் மாதவிடாய் தவறும், இரத்தச் சோகை வரும். அப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2018-இல் அமெரிக்காவுக்கு நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தன் தோழி ஜெஸ்ஸி டிகின்ஸுடன் சேர்ந்து பெற்றுத் தந்த கிக்கன் ராண்டல், ஒரு குழந்தைக்குத் தாய் என்பதையும் எடுத்துரைத்தோம். தாயான பின்பு தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில் அவர் பெற்ற தங்கம் அது. அந்த வீட்டம்மாள் அடுக்களை வாயிலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். 'போகட்டும் விடுங்கள்' என்று அவர் கூறிய ஒரு சொல் நம் அத்தனை பேச்சையும் விட வலுவுடையதாயிற்று.

மறுநாள் விடியலில் இரண்டு சோடிக் காலடி ஓசை மீண்டும் தெருவில் கேட்டது. மாலையில் எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு இராட்டினங்கள் சுழன்றன. நம் பேத்தியின் முதல் நாள் தார் முழுவதும் சிக்கலாகி, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பிரித்துச் சுற்றியதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில மாதங்களுக்குப் பின் திருவண்ணாமலையில் மாவட்ட அளவிலான ஓட்டப் போட்டி நடந்தது. முதல் நாள் பெய்த மழையில் களம் ஈரமாய்க் கிடந்தது. முதலிடம் வேறொரு ஊர்ப் பெண்ணுக்குச் சென்றது. எதிர்வீட்டுப் பெண் இரண்டாவதாகவும் நம் பேத்தி மூன்றாவதாகவும் வந்தனர். இருவரும் தாம் முன்பு ஓடியதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடியிருந்தனர். வீடு திரும்பும் பேருந்தில், 'கடைசிச் சுற்றில் நின்றுவிடலாம் என்று தோன்றியது ஆயா. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்' என்றாள் பேத்தி. அருகில் அமர்ந்திருந்தவளோ, 'இவள் காலடிச் சத்தம் பின்னால் கேட்டது. அதனால்தான் நான் நிற்கவில்லை' என்றாள். முந்தியவளுக்குப் பிந்தியவள் தந்த துணிவு. பிந்தியவளுக்கு முந்தியவள் தந்த துணிவு. இதில் வென்றவர் யார், தோற்றவர் யார்?

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று நாம் கூறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை என்றே அந்தத் தந்தை இசைவு தந்திருக்கிறார். அதன்பின் கல்லூரியா, தறியா, திருமணமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பட்டுக் கூலியின் ஏற்ற இறக்கத்தில் ஆடும் குடும்பத்திற்கு நாளை என்பது எப்போதும் கேள்விக்குறியே. ஆயினும் இன்று அவ்விரு பெண்களிடமும் ஒரு சொத்து இருக்கிறது. அதை எவராலும் அடகு வைக்க முடியாது.

அண்டை மாவட்டத்துச் சான்று ஒன்றும் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 2024-இல் பாரிஸ் நகரில் மாற்றுத்திறனாளர்க்கான ஒலிம்பிக் நடந்தபோது, பெண்கள் இறகுப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் தமிழகப் பெண்கள் இருவரே எதிரெதிரே நின்றனர். ஒருவர் நம்மைப் போலவே பட்டுக்குப் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன்; மற்றவர் திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ். ஒரே கொடியின் கீழ்ச் சென்றவர்கள், வலையின் இருபுறமும் நின்று முழு வலுவோடு மோதினர். துளசிமதி வென்று இறுதிக்குச் சென்று வெள்ளி பெற்றார். மனிஷா மனம் தளராது அடுத்த ஆட்டத்தில் வென்று வெண்கலம் பெற்றார். இரண்டு பதக்கங்களும் தமிழகத்திற்கே வந்தன. பனிமலையில் கண்ட பாடம் நம் மண்ணிலும் விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெண் பிள்ளைகளுக்குப் போட்டி வேண்டாம், அது பொறாமையை வளர்க்கும் என்று கூறுவோர் நம் இல்லங்களில் பலர். பொறாமை வளர்வது போட்டியால் அன்று. ஒருவர்க்கு மட்டுமே இடம் உண்டு என்று எண்ணுவதால். ஆண் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் மைதானம் இருக்கிறது. தோற்கவும் எழவும், மோதவும் தோள் மேல் கை போடவும் அவர்கள் அங்கே கற்கின்றனர். பெண்ணுக்கு அந்த இடத்தை மறுத்துவிட்டு, பின்னாளில் 'பெண்ணுக்குப் பெண்ணே பகை' என்று பழமொழி பேசுவது எவ்வகையில் நீதி?

ஆகவே, பெற்றோராகிய வாசகர்களே, உங்கள் மகள் ஓடுகிறாளா, பந்து எறிகிறாளா, கபடி ஆடுகிறாளா என்று கேளுங்கள். ஆடுகிறாள் எனின், அவளோடு போட்டியிடும் பெண்ணின் பெயரையும் கேளுங்கள். ஒரு நாள் அப்பெண்ணை வீட்டுக்கு அழைத்து உணவளியுங்கள். அவள் களத்திற்கு வராத நாளில், ஏன் வரவில்லை என்று சென்று விசாரியுங்கள். முறிந்த கோலுக்கு மாற்றாக ஒரு கோல் நீட்டுவது பனி நாட்டுக்காரர்களால் மட்டுமே இயலும் செயலன்று. நம் தெருவில் அது சில நேரம் ஒரு சோடிக் காலணியாக இருக்கும்; சில நேரம் அச்சம் தெளிவிக்கும் ஒரு சொல்லாக இருக்கும்; சில நேரம் மாலையில் ஒரு மணி நேரம் தார் சுற்றித் தருவதாகவும் இருக்கும்.